மேய்ச்சல் பக்கத்தில் ஐந்து வகை

என் நோட்டில் இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைத்தது. வகுப்பில் யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட வழக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கொஞ்ச நாளில் எது எதுவென்று எனக்கே தெரியாமல் போய்விடும். என் மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை. இதையும் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பகலில் கால்நடை மருந்துக் கடையில் வேலை. வாரத்தில் நான்கு மாலை உயிரியல் சான்றிதழ் வகுப்பு. கடைசிப் பருவத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஏதாவது ஓர் உயிரினத்தைக் காட்டுக்குப் போய் எண்ணி அறிக்கை தர வேண்டும். பறவையை முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டாம்பூச்சி, தவளை, சிலந்தி என்று ஒவ்வொன்றாகப் போய், அன்று தாமதமாக வந்த இரண்டு பேருக்கு மிஞ்சியது சாணி வண்டு.

என்னோடு தாமதமாக வந்தவர் பேருந்து கண்டக்டர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எனக்கு அக்கா. பலகையில் எங்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நாம் எண்ணும்போது இது பறந்து போகாது என்றார். அதுவும் தப்பு. சாணி வண்டு நன்றாகவே பறக்கும்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு காடு மிஞ்சியிருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி டயர் கடையைத் தாண்டினால் வந்துவிடும். மூன்று பக்கமும் வீடுகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பது நிமிடத்தில் நடந்துவிடலாம். நட்ட நடுவில் நின்றாலும் யார் வீட்டுத் தொலைக்காட்சியோ காதில் விழும். ஒரு பழைய சுவர் காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குடிநீர்த் தொட்டி இருப்பதால் மாட்டை விட மாட்டார்கள், அங்கே முயலும் காட்டுப்பன்றியும்தான். இந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு அனுமதி உண்டு. இப்போது அனுமதி வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குப் பால் வியாபாரம் கிடையாது. கன்றுகளை வாங்கி வளர்த்து, சினைப்பட்டதும் விற்பவர். தொழுவத்தில் எப்போதும் பத்துக் கிடாரிகள் நிற்கும். பதினொன்றாவதாக ஒரு பழைய மாடு, ஒரு கொம்பு பாதி உடைந்தது. அதை இரண்டு முறை விற்றார். இரண்டு முறையும் வாங்கியவர்களே ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போனார்கள். யார் கிட்டே போனாலும் உதைக்கும். தனக்குத் தோன்றும்போது எழுந்திருக்கும், தண்ணீர் தானே முதலில் குடிக்கும். சித்தப்பா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்.

எங்கள் வேலை இப்படி. பத்து பிளாஸ்டிக் கோப்பைகளை விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி புதைப்போம். பாதிக்குச் சோப்புத் தண்ணீர். மேலே குறுக்காக ஒரு குச்சி, அதில் துணியில் முடிந்த சாணி உருண்டை. வாசனைக்கு வரும் வண்டு வழுக்கி உள்ளே விழும். ஞாயிறு காலை வைத்து, செவ்வாய் காலை நான் கடைக்கும் அக்கா டிப்போவுக்கும் போவதற்கு முன் எடுத்துவிடுவோம். ஐந்து கோப்பை தொட்டிப் பக்கம், ஐந்து மேய்ச்சல் பக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே மாட்டின் சாணியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தொழுவத்தில் வாசலோரம் நின்றது மேனேஜர். அதனுடையதையே, உதைக்கு எட்டாத தூரத்தில் நின்று நீளக் காம்பு மண்வெட்டியால் இழுத்து எடுத்தோம்.

முதல் நாள் சித்தப்பா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். "அவளுதா? எடுத்தா உடனே எடுத்துடுங்க. அவ சாணி நிக்காது. மத்ததுங்க போட்டது மாசக்கணக்கா வரட்டியா கெடக்கும். இவளுது மட்டும் பத்து நாள்ல இருந்த எடம் தெரியாது. அதுக்குக்கூட அவசரம்."

நாங்கள் சிரித்தோம். அது கண்டதா நினைத்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் எந்தப் பக்கமும் எழுதாமல் விட்டேன்.

வண்டுகளின் சரியான பெயர் எங்களுக்குத் தெரியாது. வகைக்கு ஓர் எண் கொடுத்தால் போதும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எண் மனதில் நிற்காது என்று அக்கா பெயர் வைத்தார். மூக்கில் கொம்பு வைத்தது இன்ஸ்பெக்டர். மிளகு அளவில் கூட்டமாக வந்து விழுவது ஸ்கூல் பசங்க. பித்தளை போல மின்னுவது பாத்திரக்கடை. உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பது டிரைவர். "ரிவர்ஸ்லயே வீடு வரைக்கும் போறான் பாரு. எங்க டிப்போல இந்த மாதிரி ஒருத்தன் கெடையாது" என்பார்.

மூன்று சுற்று முடிந்தபோது நோட்டின் இடது பக்கத்தில் இருந்தது இது: தொட்டிப் பக்கம் பதினான்கு வகை. மேய்ச்சல் பக்கம் ஐந்து வகை. உருட்டுகிற வகை ஒன்றுகூட இல்லை. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். மண் ஒன்று, மழை ஒன்று, கோப்பையில் வைத்த சாணியும் ஒன்று.

வலது பக்கத்தில் எழுதினேன்: மாடு மிதித்து மண் இறுகிவிடுகிறது, வண்டு குடைய முடியவில்லை. படிக்க நன்றாக இருந்தது. அறிக்கையின் நகலில் அதையே முடிவாகவும் வைத்தேன்.

அந்த வாரம் வனக்காப்பாளர் வகுப்புக்கு வந்தார். மேய்ச்சல் பக்கத்துக்கும் வேலி போட்டு மாட்டை நிறுத்திவிடலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். எங்கள் அறிக்கைகளைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதப் போவதாகச் சொன்னார். பறவைக்காரர்களுக்கும் தவளைக்காரர்களுக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. வித்தியாசம் கண்டவர்கள் நாங்கள் மட்டும். அவர் எங்கள் நகலை இரண்டு முறை படித்தார், பையில் வைத்துக்கொண்டு போனார்.

சித்தப்பாவின் காதுக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. மேய்ச்சல் போனால் பதினொரு மாட்டுக்கும் தீவனம் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. மாடுகளை விற்றுவிட்டு யாரிடமாவது வேலைக்குப் போக வேண்டியதுதான். உன் வண்டு என்னை நடுத்தெருவில் நிறுத்திவிடும் போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சித்தி சிரிக்கவில்லை. தேநீர் தம்ளரை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

கண்டது கண்டதுதான், சித்தப்பாவுக்காக மாற்ற முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆசிரியரின் இரும்பு அலமாரியில் பழைய அறிக்கை ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் வேறொரு வகுப்பு இதே காட்டில் இதே போலக் கோப்பைகளை வைத்து எண்ணியது. அவர்கள் மேய்ச்சல் பக்கத்தில் கண்டது பதின்மூன்று வகை. அப்போது அங்கே மேய்ந்த மாடுகள் பதினெட்டு என்று அடியில் குறித்திருந்தார்கள்.

மாடு அதிகமாக இருந்தபோது வண்டும் அதிகமாக இருந்திருக்கிறது. அப்படியானால் மிதித்ததால் இல்லை. வலது பக்கத்தில் எழுதியதை அடித்தேன். அதற்குப் பதிலாக எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான்காவது சுற்றுக்குச் சாணி எடுக்கத் தனியாகப் போனேன். சித்தப்பா கிடாரிகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகுத்தண்டின் மேல் மெல்லிய கோடாக ஊற்றுகிற பூச்சி மருந்து. தோலில் ஊறி வயிற்றுப் புழுவைக் கொல்லும். பத்து மாட்டுக்கும் ஊற்றிவிட்டு மூடியை இறுக்கினார். மேனேஜருக்கு இல்லையா என்று கேட்டேன். அவளிடம் யார் போவது, வளர்ந்து உதைக்கத் தொடங்கிய பிறகு ஒரு சொட்டு வாங்கவில்லை என்றார்.

அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தேன். பழைய பாட்டில். கேனில் வாங்கி வந்து இதில் ஊற்றி ஊற்றிப் பயன்படுத்துகிறார் போல. அதில் ஒட்டியிருந்த சீட்டு என் கையெழுத்து. மாதம் ஒருமுறை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மருந்துக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பதில்லை. அதனால் எப்போது, எவ்வளவு என்று நான் சீட்டில் எழுதி ஒட்டித் தருவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று காலையிலேயே முப்பது முப்பதாக எழுதி, ரப்பர் போட்டுக் கட்டி வைத்துவிடுவேன். என் ஒழுங்கைப் பார்த்து முதலாளியம்மா மற்றவர்களிடம் புகழ்ந்ததுகூட உண்டு. உண்ணி மருந்துக்கு மாதம் ஒருமுறை. புழு மருந்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் முதுகில் ஊற்றுவது, இரண்டும் ஒரே அளவு பாட்டில். தப்பான கட்டிலிருந்து உருவியிருக்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ எழுதினபடிதான். மாசம் ஒண்ணு. ரெண்டு வருஷத்துல ஒரு மாசம் தப்பவிட்டதில்ல" என்றார், என்னைச் சந்தோஷப்படுத்துகிற குரலில்.

மறுநாள் கடையில் அந்த மருந்தின் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். மருந்து சாணியில் வெளியேறும், அந்தச் சாணியில் முட்டையிடும் பூச்சிகளின் புழுக்கள் பிழைக்காது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டு வருடமாக அதை விற்கிறேன்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்தப்பாவின் மேய்ச்சலைக் காப்பாற்றக்கூடிய ஒரு காரணம், சரியாக இந்த வாரம் என் கையில் வந்து விழுகிறது. போன வாரம் மண் இறுகியது என்பதும் இதே போலத்தான் பொருந்தியது. வலது பக்கம் நிறைய எழுதினேன். இடது பக்கம் காலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோப்பைகளை எடுக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வடிகட்டியைக் கீழே வைத்தார். "நீ காரணம் தேடுறது வண்டுக்காகவா, சித்தப்பாவுக்காகவா?"

"தெரியலக்கா."

"அப்ப உனக்கே தெரியாத மாதிரி ஒண்ணு செய்வோம்."

இருபது குச்சிகளில் ஒன்று முதல் இருபது வரை எண் எழுதினோம். ஐஸ்கிரீம் டப்பாவால் அளந்த சாணி, மேனேஜருடையது பத்து, மருந்து ஊற்றிய கிடாரிகளுடையது பத்து. எந்த எண்ணில் எது என்று அக்கா பழைய டிக்கெட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுத்து, மேய்ச்சல் பக்கத்தில் மரநிழலிலும் வெட்டவெளியிலுமாக வியாழக்கிழமை தானே வைத்துவிட்டு வந்தார். பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் டிக்கெட் பையில் வைத்துக்கொண்டார். அன்று நான் காட்டுப் பக்கமே போகவில்லை. அறிக்கை படிக்க இருபது நாள் இருந்தது. பதினாறு நாள் அப்படியே விடுவது என்று முடிவு.

அந்தப் பதினாறு நாளில் செய்ய எனக்கு இரண்டு வேலை இருந்தது.

முதலில் சித்தப்பாவிடம் போனேன். சீட்டைத் தப்பாக ஒட்டியது நான்தான் என்றேன். மாடுகளுக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் அவர் முதலில் கேட்டது. ஆகாது, ஆனால் இனிமேல் மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஊற்ற வேண்டாம் என்றேன். பாட்டிலை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்து, சீட்டை முதல்முறை படிப்பது போலப் படித்தார். இவ்வளவு நாளும் மேனேஜர் ஒருத்திதான் உன் பேச்சைக் கேட்கவில்லை என்றார். சிரிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"இதை அங்க போய்ப் படிக்காத. கடையில உன் வேலை போயிடும். மாடு மிதிச்சுதுன்னே எழுதிடு. எனக்கு வயசு இருக்கு, நான் எப்படியாவது பாத்துப்பேன்."

சித்தி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் போகும்போது தேநீர் குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, கடை திறந்ததும் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது. அவர் திட்டவில்லை. இழுப்பறையிலிருந்து எல்லாச் சீட்டுக் கட்டுகளையும் எடுத்து என் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் போட்டார். அந்த மருந்தை வாங்கிய எல்லோரையும் கூப்பிட்டுக் கேள் என்றார். மூன்று நாள் நாற்பத்தாறு பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு பேர் மாதாமாதம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, மருந்து பாலில் இறங்க இருவரிடமும் கறவை மாடு இல்லை. முதலாளியம்மா அந்த வாரம் முழுக்க வேலை விஷயம் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

பதினாறாவது நாள் சனிக்கிழமை. காட்டுக்கே வர முடியுமா என்று வனக்காப்பாளரைக் கேட்டிருந்தேன். ஆசிரியரும் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். சித்தப்பாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் டயர் கடை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நின்றபடியே படித்தேன். எத்தனை வகை, எந்தப் பக்கம், ஆறு வருடத்துக்கு முன் எத்தனை. பிறகு மருந்து, சீட்டு, சீட்டை எழுதியது யார். அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

வனக்காப்பாளர் பையிலிருந்து எங்கள் பழைய நகலை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அது உங்க சித்தப்பா மாடுதானே?" என்றார்.

"ஆமா சார். அதனாலதான் நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம்னு சொல்றேன். இங்க இருபது சாணி இருக்கு. எது எந்த மாட்டுதுன்னு எனக்கே தெரியாது. நீங்க பாத்து ரெண்டா பிரிங்க."

அவர் பூட்ஸ் காலோடு குனிந்து ஒன்று முதல் இருபது வரை பார்த்துக்கொண்டு போனார். சில, பழைய செருப்பு மாதிரி காய்ந்து விளிம்பு குலையாமல் கிடந்தன. சில, ஓட்டை ஓட்டையாகி, குச்சியால் தொட்டதும் மண்ணோடு மண்ணாக உதிர்ந்தன. எட்டாம் எண்ணைப் புரட்டியபோது அடியில் குடைந்த குழியிலிருந்து கொம்பு வைத்த ஒன்று வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனது.

"இன்ஸ்பெக்டர் ஏறிட்டார்" என்றார் அக்கா மெதுவாக. "எல்லாரும் டிக்கெட்டைக் கையில வச்சுக்குங்க."

ஆசிரியர்தான் முதலில் சிரித்தார்.

வனக்காப்பாளர் தன் கையேட்டில் உதிர்ந்தது, கிடப்பது என்று இரண்டு வரிசை எழுதிக் கொடுத்தார். பதினொன்று உதிர்ந்தது, ஒன்பது கிடப்பது. அக்கா உறையைக் கிழித்தார். நான் ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தேன். அவர் உதிர்ந்தது என்றவற்றில் ஒன்பது மேனேஜருடையது. கிடப்பது என்றவற்றில் எட்டு கிடாரிகளுடையது. இருபதில் பதினேழு சரி, மூன்று தப்பு. தப்பில் ஒன்று வெட்டவெளியில் வைத்த மேனேஜர் சாணி, வண்டு வருவதற்குள் வெயிலில் காய்ந்திருக்கலாம். மற்ற இரண்டுக்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்த மூன்றையும் அறிக்கையில் சேர்க்கிறேன் என்றேன். சேர்க்கத்தான் வேண்டும் என்றார் அவர்.

சாணியை மிதிக்காமல் சுவர் வரைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். இப்போதைக்கு வேலி வேண்டாம் என்று எழுதுவதாகச் சொன்னார். ஆனால் அனுமதி இனி ஒரு வருடத்துக்குத்தான். அதுவரை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எந்த மாட்டுக்கும் மருந்து கூடாது. அடுத்த வருடம் இதே மாதத்தில் இதே பத்துக் கோப்பைகளை வைத்து எண்ண வேண்டும். ஐந்து ஐந்தாகவே இருந்தால் வேலி வரும்.

"எண்ணப் போறது நான்தானா சார்?" என்று கேட்டேன். எனக்கே அது பிடிக்கவில்லை.

"நீங்களும் வைங்க, எங்க ஆளும் வைப்பார்" என்றார். அது எனக்குப் பிடித்தது.

டயர் கடை பெஞ்சில் சித்தப்பா எழுந்து நின்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சீட்டைப் பற்றியும் படித்துவிட்டாயா என்று கேட்டார். படித்துவிட்டேன் என்றேன். தலையைத் தடவிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துல அதுங்க திரும்பி வந்துடுமா?"

"தெரியல சித்தப்பா."

"உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

அதைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அக்கா அடுத்த பேருந்துக்குக் கைகாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கத்து ஐந்து வகையும் இவ்வளவு நாள் மேனேஜர் போட்டதை வைத்துத்தான் பிழைத்திருக்கும் என்றேன். இனி பதினொரு மாட்டுச் சாணியும் நல்ல சாணி. சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு வகை இருக்கின்றன, சுவரும் உயரமில்லை.

அவர் அதை மனதுக்குள் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. சரி, போய் மாட்டை அவிழ்க்கிறேன் என்று கிளம்பினார்.

பேருந்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். சீட்டைப் பற்றியதை இடது பக்கம் எழுதினேன், பதினேழையும் மூன்றையும் அதற்குக் கீழே. சாணி வண்டு நன்றாகப் பறக்கும் என்பதை வலது பக்கம் எழுதினேன்.